புரதம் பிரிக்கத் தெரிந்தவருக்கு ஹைதராபாத்தில் என்ன வேலை?

"மூணு மாச சர்க்கரை எவ்வளவு வந்திருக்கு?" என்ற கேள்வி எழாத வீடு இன்று தமிழ்நாட்டில் குறைவு. எச்.பி.ஏ.1.சி. என்று ரிப்போர்ட்டில் வரும் அந்த எண் உண்மையில் சர்க்கரையின் அளவு அல்ல. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எத்தனை சதவீதம் குளுக்கோஸ் ஒட்டிய உருவமாக மாறியிருக்கிறது என்ற கணக்கு அது. பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலமான வாலினில் குளுக்கோஸ் ஒட்டுகிறது. ஒட்டியதும் புரதத்தின் மின்னூட்டம் கொஞ்சம் மாறுகிறது. அந்தச் சிறு மாற்றத்தால், எச்.பி.எல்.சி. கருவியின் பிரிப்புக் குழாயிலிருந்து மற்ற ஹீமோகுளோபினை முந்திக்கொண்டு வெளியே வருகிறது. 1968இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர், அசாதாரண ஹீமோகுளோபின்களைத் தேடி ரத்த மாதிரிகளை ஜெல்லில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, நீரிழிவு நோயாளிகளிடம் ஒரு புதிய பட்டையைக் கண்டார். உலகம் முழுவதும் தினமும் செய்யப்படும் பரிசோதனை அந்தப் பட்டையிலிருந்து வந்தது.

இந்தக் கட்டுரை அந்தத் தொழிலைப் பற்றியது. ரத்தம், சிறுநீர், கண்ணீர், மூளைத் தண்டுவட நீர் ஆகியவற்றில் ஒரே புரதத்தின் வெவ்வேறு உருவங்களைப் பிரித்து, எது நோயைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி, வேதியியல், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்த தமிழ் இளைஞர்களுக்கு ஹைதராபாத்தில் இதற்குப் பல வாசல்கள் உண்டு. ஆனால் பலரும் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள். கருவியின் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையே காரணம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இயக்கக் கற்றுக்கொடுக்கச் சில வாரங்கள் போதும். கண்ணில் பட்ட மாற்றம் நோயாளியின் உடலில் உண்டானதா, நம் டியூபில் நாமே உண்டாக்கியதா என்று சொல்லத் தெரிந்தவர்தான் அரிது. அந்த ஆளைத்தான் ஆய்வகங்கள் தேடுகின்றன.

எதைப் பிரிக்கிறோம்?

மனிதனுக்குப் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. உடலில் உலவும் புரத உருவங்களோ அதைவிடப் பல மடங்கு. ஒரே மரபணுவில் பிறந்த புரதம் ஓர் அமினோ அமிலம் மாறி வரலாம், நுனி வெட்டுப்பட்டு வரலாம், பாஸ்பேட்டோ சர்க்கரைச் சங்கிலியோ ஒட்டி வரலாம். இப்படித் தனித்தனியாக நிற்கும் ஒவ்வோர் உருவத்துக்கும் 'புரோட்டியோஃபார்ம்' என்ற பெயரை 2013இல் லாயிட் ஸ்மித்தும் நீல் கெல்லெஹரும் முன்வைத்தார்கள். தமிழில் மாற்றுரு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நோயறிதலில் இது பழைய விஷயம். விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு மூக்கில் நீர் வடிகிறது. சளியா, மூளையைச் சுற்றியுள்ள நீரா? டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ரத்தத்தில் சியாலிக் அமிலத்தோடு இருக்கிறது. மூளைத் தண்டுவட நீரில் அந்த அமிலம் உதிர்ந்த பீட்டா-2 என்ற உருவமும் சேர்ந்து இருக்கிறது. வடிந்த நீரில் பீட்டா-2 தெரிந்தால் கசிவு என்று பொருள், நோயாளிக்கு அறுவை சிகிச்சை வரை தேவைப்படலாம். கல்லீரல் புற்றுநோயில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனின் எல்-3 உருவம், அல்சைமரில் டௌ புரதத்தின் 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய உருவம் என்று பட்டியல் வளர்கிறது. இந்த டௌ உருவத்தை ரத்தத்திலேயே அளக்கும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது. இவை எல்லாவற்றிலும் புரதத்தின் மொத்த அளவு மட்டும் போதாது, எந்த உருவம் என்பதுதான் மருத்துவருக்கு வேண்டும்.

நீலகிரியில் தொடங்கிய பாடம்

இந்தத் துறையைக் கற்க ஹீமோகுளோபினைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 1949இல் லைனஸ் பாலிங்கும் உடன் பணியாற்றியவர்களும், அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார்கள். ஒரு நோய் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று உலகம் முதலில் ஒப்புக்கொண்டது அப்போதுதான். பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் நிற்பதே காரணம் என்பதைச் சில ஆண்டுகளில் வெர்னன் இன்கிராம் கண்டுபிடித்தார். 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது பதிவானது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இன்றும் அந்த நோயாளிகளைக் கவனித்து வருகிறது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்தது. ஹைதராபாத்தில் தலசீமியா அண்ட் சிக்கிள் செல் சொசைட்டி இதே நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றி, பரிசோதனையும் செய்கிறது.

இனி வேலை எங்கே சிக்கலாகிறது என்று பாருங்கள். பி.எச். 8.6 இல் செல்லுலோஸ் அசிடேட்டில் ரத்தத்தை ஓட்டினால் ஹீமோகுளோபின் எஸ்ஸும் ஹீமோகுளோபின் டியும் ஒரே இடத்தில் போய் நிற்கும். எஸ் அரிவாள் செல்லுக்கு உரியது, டி பெரும்பாலும் தொந்தரவில்லாதது. அமிலத்தன்மையுள்ள அகார் ஜெல்லில் மறுபடி ஓட்டினால் இரண்டும் பிரியும். எச்.பி.எல்.சி.யில் ஹீமோகுளோபின் ஈ, ஏ2 வெளிவரும் அதே நேரத்தில் வெளிவரும். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியாக் கடத்தியா (நோயில்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவரா) என்று யோசிக்கிறோம். கருவி 25 என்று அச்சடித்தால் அது ஏ2 அல்ல, ஈ என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தவருக்கு ஏ2 தாழ்ந்து காட்டும், கடத்தி ஒருவர் நார்மல் என்று நழுவிவிடுவார். போன மாதம் ரத்தம் ஏற்றியவரின் டியூபில் இருப்பது பாதி இன்னொருவருடைய ஹீமோகுளோபின். சர்க்கரை ரிப்போர்ட்டும் தப்பாது: சில கருவிகளில் ஈயோ டியோ எஸ்ஸோ இருந்தால் எச்.பி.ஏ.1.சி. எண் பிழையாகும், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோயில் அந்த எண் பொய்யாகத் தாழும்.

கல்யாணம் பேசியிருக்கும் இருவரும் கடத்திகளா என்பதைச் சொல்வதும் இந்த ஹீமோகுளோபின் ரிப்போர்ட்தான். இதில் கையெழுத்துப் போடுகிறவர், தான் பார்க்கும் வரைபடத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் விளக்கம் தெரிந்தவராக இருக்க வேண்டும். பி.எஸ்ஸி. எம்.எல்.டி. அல்லது டி.எம்.எல்.டி. படித்தவர்கள் என்னிடம் வழி கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனையிலோ, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள பெரிய லேபிலோ ஹீமோகுளோபின் மாற்றுரு பகுதியில் ஓராண்டு உட்காருங்கள். இரண்டு வெவ்வேறு முறையில் பார்க்காமல் ஒரு மாற்றுருவுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்ற ஒழுக்கம் அங்கே உங்கள் உடம்பில் ஊறிவிடும். அந்த ஒழுக்கத்தோடு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனால் மரியாதையே வேறு.

ஹைதராபாத்தின் தெருக்களில்

தார்நாகாவிலிருந்து உப்பல் வரை நீளும் சாலையை ஒரு முறை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், ஐ.ஐ.சி.டி. அருகிலேயே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், என்.ஐ.என். இது 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வில் பிறந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. ஹப்சிகுடாவைத் தாண்டினால் 1977இல் புஷ்ப மித்ர பார்கவா தலைமையில் தனி மையமாக உருவான செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், சி.சி.எம்.பி. உப்பலில் டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறிதல் மையம், சி.டி.எஃப்.டி. மெட்ரோவில் தார்நாகா, ஹப்சிகுடா, என்.ஜி.ஆர்.ஐ., உப்பல் என்று நிலையங்களே வரிசையாக வரும்.

புரதங்களைப் பிரித்து நோய்க்குறி தேடுவதில் சி.சி.எம்.பி.க்குச் சொந்தக் கதை உண்டு. விஞ்ஞானி ரவி சிர்தேஷ்முக் அங்கே இருந்த காலத்தில் அவர் குழு மூளைக் கட்டியான கிளியோமாவில் எந்தப் புரதங்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன என்று ஆராய்ந்தது. கட்டித் திசுவும் ரத்தமும் மருத்துவமனையிலிருந்து வர வேண்டும், அளவிடும் கருவியோ ஆய்வகத்தில் இருக்கிறது. பஞ்சாகுட்டாவில் உள்ள நிம்ஸ் போன்ற மருத்துவமனையின் கைகோத்தல் இல்லாமல் இந்த மாதிரி ஆராய்ச்சி நடக்காது. கண்ணீரும் கண் திரவமும் என்றால் பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, குடலும் கல்லீரலும் என்றால் கச்சிபௌலியில் ஏ.ஐ.ஜி. மருத்துவமனை. இரண்டுக்கும் சொந்த ஆராய்ச்சிப் பிரிவுகள் உண்டு. கச்சிபௌலியிலேயே ஹைதராபாத் பல்கலைக்கழகம், பாலாநகரில் மருந்தாக்கக் கல்விக்கான நைப்பர்.

வேலை தேடுபவர் இந்த வரைபடத்தைப் படிக்க வேண்டிய விதம் ஒன்று உண்டு. கருவி எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள். மாதிரி எங்கே சேர்கிறது என்று பாருங்கள். ஒழுங்காகச் சேகரித்த ஆயிரம் சீரம் குப்பிகள் மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கும் மருத்துவமனைப் பிரிவு, புத்தம் புதிய கருவி வாங்கிவிட்டு மாதிரிக்கு அலையும் ஆய்வகத்தைவிட உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

டியூபில் பிறக்கும் பொய்கள்

இதுதான் இந்தத் தொழிலின் நடு நரம்பு. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பிளாஸ்மாவில் புரதம் ஒரு மில்லிலிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராம். அதில் பாதிக்கு மேல் ஆல்புமின் ஒன்றே. நாம் தேடும் இன்டர்லூக்கின் போன்ற புரதங்களோ பிகோகிராம் அளவில்தான் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே பத்து பில்லியன் மடங்கு வித்தியாசம். ஊர்த் திருவிழா நெரிசலில் ஒரே ஒரு ஆளின் கிசுகிசுப்பைக் கேட்க முயல்வது போன்றது இது. அதனால் ஆல்புமின் உட்படப் பதினான்கு மிகுந்த புரதங்களை ஆன்டிபாடி கொண்டு முதலில் நீக்குவார்கள். நீக்கும்போது ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புரதங்களும் சேர்ந்து போய்விடும். போனவற்றில் நாம் தேடியதே இருந்திருக்கலாம். நீக்கிய பகுதியையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து சோதிப்பவர் தேர்ந்த கைக்காரர்.

அதற்கு முன்பே கதை தொடங்கிவிடுகிறது. ஊதா மூடி டியூபில் எடுத்தால் ஈ.டி.டி.ஏ. ரத்தம், பிளாஸ்மா. சிவப்பு மூடியில் உறைய விட்டால் சீரம். உறைதல் என்பதே புரதங்களை வெட்டும் வேலை. தட்டணுக்கள் தங்கள் சரக்கைக் கொட்டுகின்றன, புதிய துண்டுகள் பிறக்கின்றன. நோயாளிக்குச் சீரமும் ஆரோக்கியமானவருக்குப் பிளாஸ்மாவும் எடுத்தால் இரண்டுக்கும் இடையே அபாரமான வித்தியாசம் தெரியும், ஆனால் அதற்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்காது. சென்ட்ரிஃப்யூஜில் போடத் தாமதமானால் சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் கலக்கும். உறைய வைத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்தால் சில புரதங்கள் படியும். மூளைத் தண்டுவட நீரைச் சாதாரண பாலிஸ்டைரீன் டியூபில் எடுத்தால் அமைலாய்டு பீட்டா சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைந்துவிட்டது, அல்சைமர் என்று முடிவுகட்டுவோம். பாலிப்ரோப்பிலீன் டியூப் என்று நெறிமுறை வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது பிரிக்கும் மேசை. 1975இல் பேட்ரிக் ஓஃபாரல் வெளியிட்ட இருபரிமாண ஜெல் முறையில், முதலில் புரதங்கள் தத்தம் மின்னூட்டம் சமனாகும் பி.எச். புள்ளியில் போய் நிற்கும், பின்பு எடைப்படி இறங்கும். ஜெல்லைச் சாயமேற்றினால் ஹாப்டோகுளோபின், டிரான்ஸ்ஃபெரின், ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் போன்றவை மணிகளைக் கோத்தாற்போல வரிசைப் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாற்றுரு. பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் புரதத்தைக் கரைக்க நாம் ஊற்றும் யூரியாவைச் சூடாக்கினால், அதிலிருந்து சயனேட் உண்டாகி லைசின் மீதும் புரதத்தின் நுனியிலும் ஏறிக்கொள்ளும். எடை 43 டால்டன் கூடும், மின்னூட்டம் நகரும், ஜெல்லில் புதிய புள்ளி முளைக்கும். பெயர் கார்பமைலேற்றம்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தில் யூரியா ஏறி, அதே கார்பமைலேற்றம் உடலுக்குள்ளேயே நடக்கிறது. அவருடைய ஹீமோகுளோபினில் அது உண்மையான நோய்க்குறி. ஒரே 43 டால்டன், ஒரு டியூபில் நோய், இன்னொரு டியூபில் நம் அலட்சியம். இரண்டையும் பிரிக்க வழி இதுதான்: யூரியாவே படாத இன்னொரு முறையில் அதே மாதிரியைப் பார்ப்பது, அதே யூரியாவில் ஆரோக்கியமானவரின் மாதிரியையும் ஒரே நாளில் ஓட்டுவது. டிரிப்சின் போட்டு 37 டிகிரியில் இரவெல்லாம் வைக்கும்போது அஸ்பராஜின் அமைடை இழந்து ஏறத்தாழ ஒரு டால்டன் கூடுவதும், மெத்தியோனின் காற்றுப்பட்டு 16 டால்டன் கூடுவதும் இப்படித்தான். இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள்: குளுக்கோஸ் ஏறினால் 162, பாஸ்பேட் ஏறினால் 80. நேர்முகத்தேர்வில் கேட்பார்கள் என்பதற்காக அல்ல, மானிட்டரில் அந்த இடைவெளி தெரிந்ததும் கை தானாக நிற்க வேண்டும் என்பதற்காக.

டிரிப்சின் என்றதும் இன்னொன்று. புரதத்தைத் துண்டாக்கி, துண்டுகளை அளந்து, புரதத்தை ஊகிப்பதே வழக்கமான முறை. துண்டாக்கியதும், எந்த மாற்றம் எந்த மாற்றத்தோடு ஒரே மூலக்கூறில் இருந்தது என்ற தகவல் போய்விடும். முழுப் புரதத்தையும் வெட்டாமல் அளக்கும் 'டாப்-டவுன்' முறையில் அது தங்கும், ஆனால் பெரிய புரதங்களுக்கு அது கடினம். எந்தக் கேள்விக்கு எந்த முறை என்று சொல்லத் தெரிந்தவரை ஆராய்ச்சித் தலைவர்கள் விடமாட்டார்கள்.

டியூபின் பொய்யை நம்பினால் என்ன ஆகும்? 2002 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ரத்தத்துளியின் மாஸ் ஸ்பெக்ட்ரம் வடிவத்தை வைத்து, சோதித்த 50 சினைப்பைப் புற்றுநோயாளிகளையும் கண்டுபிடித்ததாகவும், நோயற்ற 66 பேரில் 63 பேரைச் சரியாக விலக்கியதாகவும் அது சொன்னது. உலகமே கைதட்டியது. வணிகப் பரிசோதனையாகவும் கொண்டுவர முனைந்தார்கள். கீத் பாகர்லி, கெவின் கூம்ஸ் போன்ற புள்ளியியல் அறிஞர்கள் வெளியிட்ட தரவுகளையே எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். நோயாளிகளின் மாதிரிகளும் மற்றவர்களின் மாதிரிகளும் கையாளப்பட்ட விதத்திலும் அளக்கப்பட்ட விதத்திலும் இருந்த வேறுபாடுகளே முடிவை ஆட்டிப்படைத்திருக்கலாம் என்று காட்டினார்கள். அந்தப் பரிசோதனை மருத்துவமனைகளில் நிலைக்கவில்லை. சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய ஏங்கிய பெண்களுக்கு அது பெரிய ஏமாற்றம். நோயாளி, ஆரோக்கியமானவர் மாதிரிகளைச் சீட்டுக் குலுக்கியபடி கலந்து ஒரே தொகுதியில் ஓட்டுவது என்ற விதியை எந்த ஆய்வகமும் தளர்த்தக் கூடாது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

நுழைவது எப்படி

எம்.எஸ்ஸி.க்குப் பின் ஆராய்ச்சிக்குப் போக விரும்புவோர் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எடுக்க வேண்டும். டி.பி.டி., ஐ.சி.எம்.ஆர். நடத்தும் ஜே.ஆர்.எஃப். தேர்வுகளும் கேட் தேர்வும் மற்ற வழிகள். 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதத்துக்கு 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் முனைவர் பட்டம் அக்சிர் என்ற கல்வி நிறுவனம் மூலம் கிடைக்கும். தேர்வு எழுதாதவர் புராஜெக்ட் அசோசியேட் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அறிவிப்புகள் நிறுவனங்களின் இணையதளத்தில்தான் வரும், விண்ணப்பிக்கச் சில வாரங்களே கிடைக்கும். வாரம் ஒரு நாள் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

வீட்டிலிருந்தே தொடங்கவும் முடியும். மும்பை ஐ.ஐ.டி.யின் சஞ்சீவ ஸ்ரீவாஸ்தவா நடத்தும் புரோட்டியோமிக்ஸ் பாடங்கள் என்.பி.டெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'பிரைட்' என்ற பொதுக் களஞ்சியத்தில் உலக ஆய்வகங்கள் தங்கள் மூலத் தரவுகளைப் போட்டு வைக்கின்றன. மேக்ஸ்குவான்ட், ஸ்கைலைன் ஆகிய மென்பொருள்களை இறக்கிக்கொண்டு, வெளியான ஒரு ஆய்வின் தரவை நீங்களே கணக்கிட்டு, அவர்கள் முடிவு வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஏன் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். ஆர் அல்லது பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். அந்த இரண்டு பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்தால், பத்துச் சான்றிதழ்களைவிட அது பேசும்.

பக்கத்து வாசல்

நோய்க்குறி ஆராய்ச்சியில் இடங்கள் குறைவு, திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். அதே கைத்திறனுக்கு ஹைதராபாத்தில் இன்னொரு பெரிய முதலாளி இருக்கிறார்: உயிரிமருந்துத் தொழில். டாக்டர் ரெட்டீஸ் 2007இல் ரிட்டக்சிமாப் மருந்தின் பிரதியான ரெடிடக்ஸை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோனோகுளோனல் ஆன்டிபாடியின் பயோசிமிலர் என்ற வகையில் அதற்கு உலக அளவில் முன்னோடி இடம் உண்டு. அப்படி ஒரு மருந்தை மூல மருந்துக்கு நிகர் என்று நிரூபிக்க, அதன் மின்னூட்ட மாற்றுருக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கடைசி லைசின் அறுந்ததா, அஸ்பராஜின் அமைடை இழந்ததா, சர்க்கரைச் சங்கிலி எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் வரைபடம் வேண்டும். அயனிப் பரிமாற்ற எச்.பி.எல்.சி., தந்துகி ஐசோ-எலெக்ட்ரிக் ஃபோக்கசிங், கிளைக்கன் பகுப்பாய்வு என்று கருவிகளும் அதே குடும்பம். பாச்சுபள்ளியிலும் ஷாமிர்பேட்டை அருகே ஜீனோம் பள்ளத்தாக்கிலும் இதற்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

வித்தியாசம் பண்பாட்டில். ஆராய்ச்சிக்கூடத்தில் நோட்டில் எழுதியதை அடித்துத் திருத்தலாம். மருந்து நிறுவனத்தில் ஒரு மேட்டை மறுபடி கோடு போட்டுக் கணக்கிட்டாலும் யார், எப்போது, ஏன் என்று கணினியில் பதிவாகும். அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆய்வாளர் வந்து, குறைகளைப் பட்டியலிடும் '483' படிவம் கொடுத்துவிட்டுப் போனால் ஊரே பேசும். இந்தக் கட்டுப்பாடு முதலில் மூச்சுமுட்டும். ஆனால் இரண்டு ஆண்டு அதில் பழகியவர் நோய்க்குறி ஆய்வுக்குத் திரும்பும்போது, அவர் தரவை யாராலும் அசைக்க முடியாது. இளையவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பாதை அதுவே: முதலில் கட்டுப்பாடு, பிறகு கண்டுபிடிப்பு.

மாதிரி கொடுக்கும் மனிதர்

குப்பியில் இருப்பது ஒருவருடைய ரத்தம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இல்லாமல் ஒரு துளியும் எடுக்கக் கூடாது, ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளை முழுதாகப் படித்துவிடுங்கள். ஹைதராபாத்தில் சம்மதம் கேட்பது தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும் நடக்கும். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. தெலுங்கு பேசக் கற்றுக்கொள்ளும் தமிழருக்கு ஆறு மாதம் தாராளம், அதற்குப் பிறகு நோயாளியின் படுக்கையருகே போய் நின்று பேசவும், அவர் எப்போது சாப்பிட்டார், என்ன மருந்து எடுக்கிறார், சமீபத்தில் ரத்தம் ஏற்றினாரா என்று கேட்கவும் உங்களால் முடியும். அந்தப் பதில்கள்தான் பின்னாளில் ஜெல்லில் தெரியும் விசித்திரப் புள்ளிக்கு விடை சொல்லும். உங்கள் பாதுகாப்புக்கு, வேலையில் சேரும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் எல்லா டோஸும் முடித்து, எதிர்ப்பாற்றல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு அழைப்பு வந்தால் நீங்களும் அவர்களிடம் கேளுங்கள். மாதிரிகள் எந்த டியூபில் எடுக்கப்பட்டன, எடுத்து எத்தனை நிமிடத்தில் சென்ட்ரிஃப்யூஜுக்குப் போயின, எத்தனை முறை உருகின என்ற பதிவேடு உண்டா? நோயாளியும் ஆரோக்கியமானவரும் ஒரே இடத்தில் சேகரிக்கப்பட்டார்களா? கருவி நேரம் வாரத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? கிடைத்த மாற்றுருவை வேறொரு மருத்துவமனையின் மாதிரிகளில் சரிபார்க்கத் திட்டமும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்களா? கட்டுரை வெளியானால் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும்? முதல் கேள்விக்குப் பதிவேட்டையே எடுத்து மேசைமேல் வைக்கும் ஆய்வகம் கிடைத்தால், சம்பளம் ஓரிரு ஆயிரம் குறைவாக இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள்.